தட்டுக்கு அடியில் ஒரு விரிப்பு வேண்டுமா?

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. தூக்குப்பை, உறிஞ்சுகுழல், தெர்மாகோல் தட்டு ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பலர் கவனிக்காமல் விட்ட ஒன்றும் அதில் இருந்தது: சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள். திருச்சிக் கல்யாண மண்டபங்களின் பந்திக் கூடங்களில் அதுவரை அதன் ராஜ்ஜியம்தான். நீள மேசையில் சுருளை உருட்டி விரித்து, மேலே இலை போட்டு, பந்தி எழுந்ததும் இலையோடு சேர்த்துச் சுருட்டி எடுத்துப் போவார்கள். இன்று அந்த இடத்தில் பேப்பர் ரோல் இருக்கிறது. டம்ளர் ஒன்று சாய்ந்தால் நைந்து போகும், இருந்தாலும் வேலை நடக்கிறது.

மண்டபத்தில் அந்த விரிப்புக்கு ஒரே வேலைதான். வெளியே அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, மேசையை நொடியில் ஒழித்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் அந்த அவசரம் இல்லை. ஆகவே வீட்டு மேசைக்கு டேபிள் மேட் வாங்கக் கிளம்புமுன், அது எந்த வேலையைச் செய்யப்போகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. சூட்டைத் தடுக்கவா, தட்டு வழுக்காமல் இருக்கவா, கறை படாமல் இருக்கவா, விருந்தாளி வரும்போது பார்வைக்கா? நான்குக்கும் பொருத்தமான மேட் எந்தக் கடையிலும் இல்லை. ஒரு வேலைக்கென்று வாங்கினால் உருப்படியாக உழைக்கும்.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. சித்திரை வீதி, உத்தர வீதி வீடுகளில் கூடத்துத் தரைதான் சாப்பிடும் இடம். உட்காருகிறவருக்கு மணையோ தடுக்கோ உண்டு, இலைக்கு அடியில் எதுவும் கிடையாது. சாப்பிட்டு இலையை எடுத்த கையோடு அந்த இடத்துக்கு எச்சில் இட வேண்டும். தண்ணீர் தெளித்து, சாணியால் மெழுகி, தரை காய்ந்த பிறகுதான் அங்கே மறுபடி நடமாட்டம். சிமென்ட் தரையும் மொசைக்கும் வந்த பின்னர் சாணி போய் ஈரத்துணி வந்தது. வழக்கம் மட்டும் போகவில்லை.

மேசைக்கு மாறிவிட்ட அதே குடும்பங்களின் அடுக்குமாடி வீடுகளில் இன்றும் பாட்டிமார் துணி மேட்டை ஏற்க மாட்டார்கள். "மேஜைன்னா தொடச்சுடலாம். துணியப் போட்டா அது பத்தாயிடும், தெனமும் யாரு நனைக்கறது?" என்பது அவர்கள் கட்சி. சோறு பட்டது பத்து, வாய் பட்டது எச்சில் என்ற கணக்கை நம்பாதவர்களும் இதில் உள்ள நடைமுறை நியாயத்தைக் கவனிக்கலாம். கிரானைட்டும் கண்ணாடியும் ஈரத்தை உள்ளே விடாது, ஒரு துடைப்பில் சுத்தமாகிவிடும். துணியோ சாத்தமுதை, அதாவது ரசத்தை, உறிஞ்சி வைத்துக்கொள்ளும். திருச்சி வெயிலில், மூடிய அறைக்குள், மதியம் நனைந்த துணி ராத்திரிக்குள் வாடை வீசத் தொடங்கிவிடும். துணி மேட் போட்டால் துடைக்கும் வேலை மிச்சம் என்பது விளம்பரப் பேச்சு. துடைக்கும் வேலை அப்படியே இருக்கும், துவைக்கும் வேலை கூடுதலாகச் சேரும்.

திருச்சியில் மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் ரயில்வே காலனி, ஆலைக் குவார்ட்டர்ஸ் வழியாகவும் பரவியது. பொன்மலைப் பணிமனையையொட்டி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் மேசை விரிப்பும், தட்டுக்கொரு மேட்டும், முள்கரண்டியும் அன்றாட விஷயம். 1960களில் பெல் ஆலை வந்தபோது கைலாசபுரம் குவார்ட்டர்ஸ்களிலும் சாப்பாட்டு மேசை நுழைந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பீங்கான் தட்டில் கத்தி, கரண்டியோடு சாப்பிடுகிறவருக்கு மேட் தோதான பொருள். தட்டுக்கு இடமும் வலமும் கரண்டிகளுக்கு இடம் வேண்டுமென்றுதான் அது நீள்சதுரமாக, 18க்கு 12 அங்குலத்தில் பிறந்தது. எவர்சில்வர் தட்டில் சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறவருக்குப் பக்கவாட்டில் அவ்வளவு இடம் எதற்கு?

இந்த அளவுப் பிரச்சினையைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நான்கு பேர் மேசை பெரும்பாலும் 4 அடி நீளம், இரண்டரை அடி அகலம். அதாவது 48க்கு 30 அங்குலம். எதிரெதிரே இரண்டு மேட் போட்டால் அகலத்தில் 24 அங்குலம் போய்விடும். நடுவில் மிச்சம் 6 அங்குலம். அந்த ஆறு அங்குலச் சந்தில்தான் சாதக் குண்டான், குழம்புச் சட்டி, ரசச் சொம்பு, பொரியல், மோர், ஊறுகாய் எல்லாம் நிற்க வேண்டும். நிற்காது. குண்டானின் அடி பாதி மேட்டின் மேலேறும், பாத்திரம் ஆடும், ஒரு நாள் குழம்பு சாயும். மேசை 3 அடி அகலம் இருந்தால் நடுவில் ஓரடி கிடைக்கும், பிழைத்துக்கொள்ளலாம். இரண்டரை அடி மேசைக்காரர்கள் 15க்கு 11 அங்குல மேட்டைத் தேடுவது உத்தமம். தட்டின் விளிம்பு கொஞ்சம் வெளியே நீட்டினாலும், தட்டின் அடிப்பாகம் மேட்டில் உட்கார்ந்தால் போதும்.

இனி மேசையின் மேல்பலகை. வேண்டுமா வேண்டாமா என்பதை முக்கால்வாசி தீர்மானிப்பது இதுதான்.

கிரானைட் மேசைக்கு மேட் தேவையில்லை. சூடு, புளி, எண்ணெய் எதுவும் கறுப்பு கிரானைட்டை அசைக்காது. வெளிர் நிறக் கிரானைட்டில் மட்டும் எண்ணெய் ஊறிக் கறையாக நிற்கும், அதற்கும் உடனே துடைத்தால் போதும். மார்பிள் கதை வேறு. அது சுண்ணாம்புச் சத்துள்ள கல். புளிக்குழம்பு, எலுமிச்சை, தயிர் எதிலுள்ள புளிப்பும் அதன் பளபளப்பை அரித்து மங்கலான வட்டத்தை விட்டுச் செல்லும். மார்பிள் மேசைக்காரர்கள் கட்டாயம் எதையாவது போட வேண்டும், அதுவும் ஈரம் ஊடுருவாத வகையாக.

கண்ணாடி மேசையில் இரண்டு தொல்லைகள். ஒன்று சத்தம். எவர்சில்வர் தட்டைக் கண்ணாடியில் வைக்கும் ஒலி அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையை எழுப்பிவிடும். இரண்டு வழுக்கல். நம் சாப்பாட்டில் தட்டின் மேல் விழும் அழுத்தம் கரண்டிச் சாப்பாட்டைவிட அதிகம். சூடான சாதத்தில் பருப்பும் நெய்யும் ஊற்றி விரல்களால் அழுத்திப் பிசையும்போது, இடது கை டம்ளரிலோ மடியிலோ இருந்தால், தட்டு மெல்ல எதிர்ப்பக்கம் நகரும். தட்டின் அடியில் ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், கண்ணாடியில் கீறல் விழ. இங்கே மேட் உண்மையாகவே உழைக்கிறது. டஃபன்ட் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிடச் சூடு தாங்கும். சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை அதன் மேல் வைக்கவே கூடாது, மேட் இருந்தாலும் சரி.

தேக்கு, ரப்பர்வுட் மேசைகளின் எதிரி வெள்ளை வளையம். சூடான பாத்திரத்தின் அடியில் சேரும் நீராவி பாலிஷுக்குள் புகுந்து மாட்டிக்கொள்வதால் வருவது அது. மரம் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியை மேலே போட்டு, இளஞ்சூட்டு இஸ்திரிப்பெட்டியால் சில நொடிகள் ஒற்றி எடுத்தால் பல சமயம் மங்கிவிடும். பி.யு. பாலிஷ் போட்ட மேசையில் இந்தத் தொல்லை குறைவு. பழைய லாக்கர் பாலிஷ் மேசையில் அதிகம். அந்தப் பழைய மேசையில்தான் பிளாஸ்டிக் மேட்டை நிரந்தரமாக விரித்து வைக்கக் கூடாது. பிவிசி மேட்டை வளைந்து கொடுக்க வைக்கும் எண்ணெய் போன்ற சேர்மானம் காலப்போக்கில் கசிந்து பாலிஷை இளக்கிவிடும். மேட்டைத் தூக்கினால் அதன் பூ வேலைப்பாடு மேசையில் அச்சாகியிருக்கும். தாத்தா காலத்து மேசையைக் காப்பாற்ற வாங்கிய மேட்டே அதைக் கெடுத்த கதை பல வீடுகளில் உண்டு. சாப்பிட்டதும் எடுத்து நிறுத்தி வைத்தால் இந்த ஆபத்து இல்லை. சன்மைக்கா மேசைக்கு மேட் அலங்காரம்தான். அங்கே பார்க்க வேண்டியது ஓரப்பட்டி. தண்ணீர் இறங்கினால் உள்ளிருக்கும் பலகை உப்பிவிடும்.

சூடு பற்றிய பயத்தில் மேட் வாங்குகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். மேசையைச் சுடுவது தட்டு இல்லை. பரிமாறி, பிசைந்து, வாய்க்குக் கொண்டுபோகும் சூட்டில் இருக்கும் சோறு எந்தப் பாலிஷையும் பெரிதாக ஒன்றும் செய்யாது. அடுப்பிலிருந்து நேரே இறங்கும் சாம்பார்ச் சட்டியும் ஈயச் சொம்பும்தான் குற்றவாளிகள். அதற்குத் தமிழ் வீடுகளில் எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டது: பிரிமணை. வைக்கோலையோ தேங்காய் நாரையோ திரித்து வளையமாகச் சுற்றியது. உருண்டை அடிப் பாத்திரம் ஆடாமல் உட்காரும், அடியில் காற்று புகும், சூடு மேசைக்கு இறங்காது. நான்கு நல்ல பிரிமணை வாங்கும் வீட்டில் சூட்டுக்காக மேட் வேண்டியதில்லை. மரத்தில் செய்ததும் இரும்புக் கம்பியில் செய்ததும் கிடைக்கின்றன. மர மேசைக்கு நார்ப் பிரிமணையே மேல், கம்பி கீறும். காபிக்குத் தனியாகக் கோஸ்டர் வாங்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். டபரா எதற்கு இருக்கிறது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இலைச் சாப்பாட்டு நாளில் எல்லா மேட்டையும் எடுத்து அலமாரியில் வைத்துவிடுவது நல்லது. தொட்டியம், லால்குடி, ஜீயபுரம் என்று சுற்றிலும் வாழைத்தோப்பு இருக்கும் ஊர் இது. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993இல் திருச்சியில் அமைந்ததும் பொருத்தம்தான். காந்தி மார்க்கெட் இலைக்கட்டு எந்த வீட்டுக்கும் எட்டாத பொருளில்லை. நுனி இடப்பக்கம் இருக்கப் போட்ட தலைவாழை இலை எந்த மேட்டைவிடவும் நீளம். மேட்டின் விளிம்பு இலைக்கு அடியில் மேடாக நிற்கும், ரசம் அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறவர் மடிக்கு வரும். துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியுமாக இலை நிறையும் வீட்டில், மேசையை ஈரத்துணியால் துடைத்து, ஈரம் இருக்கும்போதே இலையைப் போட்டால் அது நகராமல் ஒட்டி உட்காரும். அவ்வளவே போதும்.

சரி, வாங்குவது என்று முடிவானால் எதை வாங்குவது?

திருச்சிக்காரர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. காவிரியை ஒட்டியே மேற்கே சுமார் 80 கிலோமீட்டர் போனால் கரூர். படுக்கை விரிப்பு, சமையலறைத் துணி, மேசை விரிப்பு, நாப்கின், மேட் என்று ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதி செய்யும் ஊர். வெளிநாட்டுக் கடைத்தொடர்களின் பெயர்ச்சீட்டோடு விற்கும் பருத்தி மேட்டுகளில் கணிசமானவை கரூரில் நெய்து, தைத்துப் போனவை. உறையூர்த் தறி மெல்லிய பருத்திச் சேலைக்குப் பேர்போனது. மேட்டுக்குத் தடித்த நூலும் இறுக்கமான நெசவும் வேண்டும், அது கரூர் வேலை. வாங்கும்போது மூலையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். தொய்ந்து மடிந்தால் அது நாப்கின் துணி, மேட் இல்லை. விளிம்பில் மடித்துத் தைத்த இடம் தடித்திருந்தால் டம்ளர் அதில் தடுக்கும்.

பருத்தி மேட்டின் தலையெழுத்தை எழுதுவது மஞ்சள்தூள். மஞ்சளில் உள்ள குர்குமின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் எளிதாகக் கரையாது. பருத்தி நூலை அது சாயம்போலவே பிடித்துக்கொள்ளும். சாம்பார் பட்ட மேட்டைச் சோப்புப் போட்டவுடன் கறை மஞ்சளிலிருந்து செங்காவியாக மாறுவதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவப்பாவது எதனாலோ, அதனால்தான் இதுவும். சோப்பின் காரம் போனால் சிவப்பும் போய்விடும். மிஞ்சும் மஞ்சளுக்கு மருந்து வெயில். குர்குமினை வெளிச்சம் சிதைத்துவிடும். முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துவைத்து, ஈரத்தோடு நேர் வெயிலில் விரிக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் திருச்சி மொட்டை மாடி இதற்கென்றே அமைந்தது. ஐப்பசி மழையில் கறை படுத்துக்கொள்ளும். ஆகவே வெள்ளை, வெளிர்நீல மேட்டுகளை விட்டுவிட்டு, அரக்கு, கடுகு, கருநீலம் என்று அடர்ந்த நிறமாக எடுப்பது புத்திசாலித்தனம்.

கோரைமேல் ஆசைப்படுகிறவர்களும் தூரம் போக வேண்டியதில்லை. முசிறி, தொட்டியம் வட்டாரக் காவிரிக்கரையில் கோரை பயிராகிறது. அங்கு நெய்யும் பாய் திருச்சிக் கடைகளுக்கு வருகிறது. (பத்தமடைப் பட்டுப்பாய் வேறு ஜாதி. புவிசார் குறியீடு பெற்ற அந்த நுண்ணிய நெசவைக் குழம்புக்கு அடியில் போடுவது பாவம்.) ஆறடிக்கு இரண்டரை அடிப் பாய் ஒன்றில் 15க்கு 11 அங்குலத் துண்டுகள் 12 கிடைக்கும். ஆனால் கத்தரியை எடுத்தவுடன் வெட்டிவிடக் கூடாது. பாவு நூல் அவிழ்ந்து கோரை உதிர்ந்துவிடும். வெட்ட வேண்டிய கோட்டுக்கு இருபுறமும் முதலில் மெஷினில் ஒரு தையல் ஓட்டி, பிறகு வெட்டி, ஓரத்துக்குத் துணிப்பட்டி வைத்துத் தைக்க வேண்டும். தெருமுனைத் தையல்காரர் தடித்த ஊசி போட்டு முடித்துக் கொடுப்பார். கோரை தட்டை வழுக்கவிடாது, சத்தத்தை அமுக்கும், பார்க்கவும் அழகு. ஈரம் மட்டும் ஆகாது. தோசை, இட்லி, சப்பாத்தி சாப்பிடும் வேளைக்கு அருமை. ரசம் சாதத்துக்கு ஒத்துவராது. நனைந்தால் உடனே துடைத்து நிழலில் நிறுத்தி வைக்க வேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் மறுநாளே கரும்புள்ளி தட்டும்.

பிளாஸ்டிக், சிலிக்கான் மேட்டுகள் குழந்தைகளுக்கு. மூன்று வயதுப் பிள்ளை தானாகச் சாப்பிடப் பழகும் வீட்டில் சிந்தியதைக் குழாயடியில் காட்டி அலசும் வசதிக்கு ஈடு இல்லை. சிலிக்கான் சூடு தாங்கும், மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், விலை கூடுதல். பிவிசி மலிவு, சூடான வாணலியை மேலே வைத்தால் இளகிக் குழியும்.

வயதானவர்களுக்கு மேட் போடுவதில் இன்னொரு நன்மை இருக்கிறது, இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். சாம்பல் நிறக் கிரானைட்டின் மேல் எவர்சில்வர் தட்டு, எவர்சில்வர் டம்ளர், அதில் தண்ணீர். கண்புரை உள்ளவருக்கு எது விளிம்பு, எது மேசை என்று பிரிக்கத் தெரியாது. கை டம்ளரைத் தட்டிவிடும். "வயசாச்சு, நிதானம் இல்லை" என்று வீட்டில் சொல்வார்கள். தட்டின் நிறமும் சுற்றியுள்ள நிறமும் பளிச்சென்று வேறுபட வேண்டும் என்பதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. முற்றிய அல்சைமர் நோயாளிகள் 9 பேரிடம் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தி 2004இல் வெளியிட்ட சிறு ஆய்வில், வெள்ளைப் பாத்திரங்களுக்குப் பதில் அடர்நிறப் பாத்திரங்கள் கொடுத்தபோது அவர்கள் உண்ட உணவு சராசரியாக 25 சதவீதமும், குடித்த பானம் 84 சதவீதமும் கூடியது. அங்கே மாற்றியது பாத்திரத்தை. எவர்சில்வரை விட மனமில்லாத வீட்டில் அடியில் ஒரு கருநீல மேட் போட்டு அதே வேறுபாட்டை உண்டாக்கிப் பார்க்கலாம். பூப்போட்டதும் கட்டம் போட்டதும் வேண்டாம். விழுந்த பருக்கை எது, பூ எது என்று குழப்பும்.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. ஆறு கொண்ட செட்டாக வாங்கி, நான்கைப் பிரிக்காமலே வைத்திருக்கும் வீடுகள்தான் அதிகம். கிரானைட் மேசையாக இருந்து, வீட்டில் சின்னக் குழந்தையோ பார்வை மங்கிய பெரியவரோ இருந்தால், அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு வாங்கினால் போதும்: ஒன்று காயும்போது ஒன்று மேசையில். கண்ணாடி, மார்பிள், பழைய மர மேசைக்காரர்கள் ஆளுக்கு இரண்டு வீதம் எல்லோருக்கும் வாங்கத்தான் வேண்டும். செட் விலையைப் பார்க்காமல் உதிரியாக எடுத்தால் நிறம் மாறி மாறி அமையும். அவரவர் மேட் எது என்று வீட்டுப் பிள்ளைகளே பங்கு பிரித்துக்கொள்வார்கள், அவரவர் மேட்டை அவரவரே அலச வேண்டும் என்று சொல்லவும் வழி கிடைக்கும்.